ஒரே அடுப்பில் இரண்டு பெட்டி

விலாரா பண்ணை
2018 நவம்பர் 14

டேய் நெவில்,

உறைமேல என் கையெழுத்தைப் பார்த்துப் பயந்துடாத, யாரும் சாகல. நீதான் என் போன் நம்பரைப் பூட்டி வெச்சிட்டியே, அதான் எட்டாம் வகுப்போட நின்ன விரலை வெச்சுக் கோழி கிளறுற மாதிரி கிளறுறேன். நாளைக்குத் தபால் லாரி வருது. ரொட்டி மாவு உப்பி வர்றதுக்குள்ள முடிக்கணும்.

முதல்ல நம்ம சண்டை. டேங்க் தண்ணியை அளக்கிற உன் பெட்டிகளை இங்க திறந்து வெச்ச அன்னைக்கு, எல்லாரும் ஆட்டுக்கறி சுட்டுத் தின்னுக்கிட்டிருந்தப்போ, நான் ஒரு கதை சொன்னேன். ஒன்பது வயசுல நீ அப்பாவோட அலாரக் கடிகாரத்தைப் பிரிச்சுப் பூட்டின, மனுஷன் ஞாயித்துக்கிழமை மூணு மணி நேரம் முன்னாடியே போய்ச் சர்ச் வாசல்ல தொப்பியை மடியில வெச்சு உக்காந்திருந்தார். அம்புட்டுதான். நாப்பது பேர் சிரிச்சாங்க. நீ பாவ்லோவா கேக்கைக் கூடத் தொடாம வண்டியேறிட்ட. மன்னிப்புக் கேட்டாத்தான் போனை எடுப்பேன்னு உன் பொண்டாட்டி ரோஸ்லின்கிட்ட சொல்லி விட்ட. பொய் சொல்லியிருந்தா கேட்டிருப்பேன்டா. நடந்த கதைக்கு எப்படி மன்னிப்புக் கேக்கறது?

சரி, விஷயத்துக்கு வர்றேன். உன் பெட்டி பொய் சொல்லுது.

போன வெள்ளிக்கிழமை ஸ்டானுக்குச் சாப்பாடு எடுத்துக்கிட்டு ஒன்பதாம் நம்பர் போர்வெல்லுக்குப் போனேன். கிளம்பும்போது ஆபீஸ் திரையைப் பார்த்துட்டுத்தான் போனேன், ஒன்பதாம் நம்பர் டேங்க் நிறைஞ்சிருக்குன்னு பச்சையா எரியுது. போய்ப் பார்த்தா டேங்க்ல முழங்கால் தண்ணி. தொட்டியச் சுத்தி இருநூறு மாடு நின்னு கத்துது. பம்பு எஞ்சின் நின்னுபோயிருக்கு. ஸ்டான் கிளப்பிவிட்டார். திரும்பி வந்து பாக்குறேன், திரையில அப்பவும் பச்சை. அஞ்சு மணிக்கு மேலதான் உன் பெட்டிக்குத் தண்ணி குறைஞ்சது தெரிஞ்சுச்சு.

க்ரெய்க்கிட்ட சொன்னேன். அதான் எங்க புது மேனேஜர், பூட்ஸ்ல தூசியே படாத மகராசன். "மார்லீன், நீங்க சமையலைப் பாருங்க, தண்ணியை மெஷின் பார்த்துக்கும்"னான். என் புருஷன் ஸ்டான் இருபத்தாறு வருஷமா ஒண்ணுவிட்டு ஒருநாள் பதினொரு போர்வெல்லையும் சுத்திப் பார்த்த ஆளு. உன் பெட்டி வந்ததும் அந்தச் சுத்து வேலையையே எடுத்துட்டாங்க. இப்ப வேலி அடிக்கிறார். தண்ணி இருக்கான்னு நேர்ல போய்ப் பாக்க இந்தப் பண்ணையில இன்னைக்கு ஒரு ஆள் கிடையாது, அது உனக்குத் தெரியுமா?

வந்து பாரு. வர ரோஷமா இருந்தா எழுது.

உன் அக்கா
மார்லீன்


அடிலெய்ட்
நவம்பர் 26

மார்லீனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அதில் மன்னிப்பை இரண்டு முறை தேடினேன், இல்லை.

நீ சொன்ன நாளின் பதிவை எடுத்துப் பார்த்தேன். நவம்பர் ஒன்பது, பகல் பன்னிரண்டிலிருந்து ஐந்து வரை, ஒன்பதாம் எண் டேங்கில் தொண்ணூற்று நான்கு சதவீதம் தண்ணீர். ஒரு புள்ளிகூட இறங்கவில்லை. அதற்குப் பிறகுதான் குறைந்திருக்கிறது. நீ போனது எத்தனை மணிக்கு என்பதில் உனக்கே குழப்பம் இருக்கலாம்.

இந்தப் பெட்டி என்னுடைய நான்கு வருட உழைப்பு. கட்டைவிரல் நகம் அளவு சில்லு ஒன்று டேங்கின் மட்டத்தை அளந்து, கால் மணிக்கு ஒருமுறை ரேடியோவில் ஆபீஸ் பெட்டிக்குச் சொல்கிறது. பக்கத்தில் யாருக்காவது ஆபத்து என்றால் அழுத்துவதற்குச் சிவப்புப் பொத்தானும் வைத்திருக்கிறேன், அழுத்தினால் ஆபீஸில் மணி அடிக்கும். எழுபது டிகிரி சூட்டில் எட்டு மணி நேரம் சோதித்துத்தான் வெளியே அனுப்பினேன். ஒரு சொல்கூடத் தவறவில்லை. சோதனைச் சான்றிதழ் உங்கள் ஆபீஸ் சுவரிலேயே தொங்குகிறது.

ஸ்டானின் வேலை மாறியதற்கு வருந்துகிறேன். அது க்ரெய்க்கின் முடிவு, என்னுடையதல்ல.

நெவில்


விலாரா
டிசம்பர் 5

புரொபசர் அவர்களுக்கு,

ஒரு புள்ளிகூட இறங்கலையாமே. இருநூறு மாடு, நாப்பத்தோரு டிகிரி வெயில், அஞ்சு மணி நேரம். ஒரு சொட்டு இறங்கல. ஏன்டா, எங்க மாடெல்லாம் அன்னைக்கு நோன்பா? நல்ல நாள்லயே ஒரு மாடு அம்பது லிட்டர் உறிஞ்சும். ஆளுக்கொரு பாட்டில் எடுத்துட்டு வந்துச்சுங்கன்னு நினைச்சியா? நீ எழுதினதை ஸ்டானுக்குப் படிச்சுக் காட்டினேன். சிரிச்சுச் சிரிச்சுத் தேநீர் மூக்குல ஏறிடுச்சு அவருக்கு.

அப்புறம் சிரிப்பு நின்னுபோச்சு. "மார்லீன், தண்ணி ஏறினாலும் இறங்கினாலும் சரி, அசையாம நிக்குதுன்னா அதுதான் கோளாறு"ன்னார்.

அதனால ஒரு வாரமா நானே வேவு பார்த்தேன். முட்டை எண்ணுற நோட்டுல எழுதியிருக்கேன். காலையில உன் திரை நல்ல பிள்ளை, கால் மணிக்கு ஒருதரம் எண் மாறுது, ஒண்ணு ஏறும், ரெண்டு இறங்கும். பன்னெண்டு மணி வாக்குல உறைஞ்சிடும். அஞ்சு மணிக்கு மேல தூங்கி எழுந்தவன் மாதிரி திடீர்னு இருபது புள்ளி இறங்கும். மேகம் போட்ட நாள்ல உறையறதே இல்ல. ஒன்பதாம் நம்பர்தான் மோசம், அங்க மருந்துக்கும் மரம் கிடையாது, உன் பெட்டி கம்பத்து உச்சியில கறுப்பு மூடியோட உக்காந்திருக்கு.

பெரிய எழுத்துல ஒரு லிஸ்ட் எழுதி ஃபிரிட்ஜ்ல ஒட்டிட்டேன்: "பகல் 12 முதல் 5 வரை திரையை நம்பாதே." ஆளுங்க எல்லாரும் படிச்சுட்டாங்க. க்ரெய்க் படிச்சுட்டு, "உங்க தம்பிமேல கோபம்னா அவர்கிட்ட காட்டுங்க, ஃபிரிட்ஜ்ல ஒட்டாதீங்க"ன்னான். பிச்சுப் போட்டான். நான் திரும்ப எழுதி ஒட்டினேன். என்கிட்ட டேப் நிறைய இருக்கு.

போன திங்கக்கிழமை ஆறாம் நம்பர்ல பதினேழு மாடு செத்துச்சு. பகல்ல குழாய் அடைச்சிருக்கு, திரை பச்சையா இருந்திருக்கு. சேத்துல மாட்டிக்கிட்டுச் செத்துச்சுன்னு எழுதி முடிச்சிட்டான் க்ரெய்க். சேறு எங்கடா இருந்துச்சு? சேறு வேணும்னாலும் தண்ணி வேணுமே.

கோபத்தை ஓரமா வெச்சுட்டு யோசி. உன்னைக் கெஞ்சிக் கேக்கறேன்னு வெச்சுக்கோ, ஆனா அதை ரோஸ்லின்கிட்ட சொல்லிடாத.

மார்லீன்


அடிலெய்ட்
டிசம்பர் 14

மார்லீன்,

கேலி செய்யாமல் உனக்கு நான்கு வரி எழுத வராதா?

எண் அசையாமல் நின்றதற்கு ஒரு விளக்கம் இருக்கிறது. ரேடியோவில் ஒரு சொல் குளறி வந்தால் ஆபீஸ் பெட்டி அதைத் தூக்கி எறிந்துவிடும். அடுத்த நல்ல சொல் வரும் வரை, கடைசியாக வந்த நல்ல சொல்லையே திரையில் காட்டும். வேண்டுமென்றுதான் அப்படி வைத்தேன். தவறான எண்ணைப் பார்த்து ஆட்கள் அலறக்கூடாது இல்லையா? பகலில் உங்கள் பக்கம் ஏதோ இரைச்சல் இருக்க வேண்டும். வெல்டிங் செய்கிறார்களா? ஜெனரேட்டரா? அதைக் கண்டுபிடி.

வெயில்தான் காரணம் என்கிறாய். அந்தச் சந்தேகம் எனக்கு உன்னைவிட முன்பே வந்தது. உனக்குப் புரியும்படி சொல்கிறேன். சில்லுகள் ஒன்றோடொன்று பேச ஒரு தாளம் வேண்டும். இரண்டும் ஒரே வேகத்தில் எண்ணினால்தான் சொல் புரியும். முதலில் செய்த பெட்டிகளில் தாளத்துக்குக் குவார்ட்ஸ் கல் வைத்திருந்தேன், அது சூட்டிலும் குளிரிலும் லட்சத்துக்கு மூன்றுதான் தவறும். ஆனால் உங்கள் வரிவரியான மண் பாதையில் லாரி குலுங்கிய குலுக்கலில் பதினொரு கல்லில் நான்கு விரிசல் விட்டுவிட்டன. அதனால் கல்லை எடுத்துவிட்டேன். சில்லுக்குள்ளேயே பிறவியில் ஒரு தாளம் உண்டு. அது சூடானால் கொஞ்சம் பிசகும், உண்மைதான். அதற்காகத்தான் ஒவ்வொரு பெட்டியையும் என் மேசையில், இருபத்தைந்து டிகிரியில், கையால் சரிசெய்தேன்.

அதோடு விடவில்லை. டேங்க் பெட்டியையும் ஆபீஸ் பெட்டியையும் ரோஸ்லினுடைய அடுப்புக்குள் வைத்து, எழுபது டிகிரியில் எட்டு மணி நேரம் பேசவிட்டேன். ஒன்று சொன்னதை மற்றது ஒரு எழுத்து பிசகாமல் வாங்கிக்கொண்டது. ரோஸ்லின் அன்று கோழி வறுக்க முடியாமல் என்னைத் திட்டியது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. ஆகவே வெயில் இல்லை.

இருபதாம் தேதியிலிருந்து ஜனவரி பதின்மூன்று வரை நாங்கள் கடற்கரையில் இருப்போம். ஆபீஸும் அதுவரை மூடியிருக்கும். கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். ஸ்டானுக்கும் சொல்.

நெவில்


விலாரா
டிசம்பர் 20, தபால் லாரி வாசலில் நிற்கிறது

நெவில்,

டிரைவருக்குக் கேக் கொடுத்து உக்கார வெச்சுட்டு அவசரமா எழுதுறேன்.

ரெண்டு பெட்டியையும் ஒரே அடுப்புலயா வெச்ச?

அடப்பாவி. முப்பது வருஷமா அடுப்போட குடும்பம் நடத்துறவ சொல்றேன், கேளு. ரெண்டு குடிகாரன் தோள்மேல கை போட்டுக்கிட்டு நடந்தா, ரெண்டு பேருக்கும் நேராத்தான் போற மாதிரி இருக்கும். கோணல் தெரியறது வாசல்ல நிக்கிற பொண்டாட்டிக்குத்தான். உன் ரெண்டு பெட்டியும் ஒரே சூட்டுல ஒரே மாதிரி உளறியிருக்கு. ஒருத்தன் உளறினது இன்னொருத்தனுக்குப் புரிஞ்சிருக்கு. நீ அதைக் கேட்டுட்டுச் சான்றிதழ் அடிச்சுச் சுவத்துல மாட்டிட்ட.

இங்க அப்படியாடா இருக்கு? ஒண்ணு வெயில்ல வேகுது. இன்னொண்ணு க்ரெய்க்கோட ஏசிக்குக் கீழ காலை நீட்டிப் படுத்திருக்கு.

ஒண்ணை அடுப்புல வை, இன்னொண்ணை மேசையில வை. அம்புட்டுதான். ஒரு மணி நேர வேலை. பண்ணிட்டு க்ரெய்க்குக்கு ஒரு வரி எழுது, "திரையை நம்பாதே, ஆளை அனுப்பு"ன்னு. சமையல்காரி சொன்னா கேக்க மாட்டான். சான்றிதழ்ல கையெழுத்துப் போட்டவன் சொன்னாக் கேப்பான்.

சீக்கிரம் பண்ணுடா. புது வருஷம் பிறந்ததும் ஸ்டானை ஒன்பதாம் நம்பர் பக்கம் வேலிக்குப் போட்டிருக்காங்க, தனியா, பைக்ல. முப்பத்தெட்டு கிலோமீட்டர். பைக்ல எம்புட்டுத் தண்ணி ஏத்த முடியும்? போய் டேங்க்ல பிடிச்சுக்குவார். டேங்க்ல இருக்கா இல்லையான்னு சொல்ல உன் பெட்டிய விட்டா ஆளில்ல.

டிரைவர் ரெண்டாவது துண்டையும் முடிச்சிட்டான்.

மா.


அடிலெய்ட்
2019 ஜனவரி 14

அக்கா,

நேற்று மாலைதான் கடற்கரையிலிருந்து திரும்பினோம். உன் கடிதம் தபால் பெட்டியில் மூன்று வாரமாக விளம்பரத் தாள்களுக்கு அடியில் கிடந்திருக்கிறது. மணல் ஒட்டிய காலோடு வாசலிலேயே நின்று படித்தேன். பிறகு பயணப் பைகளைக்கூட இறக்காமல் நேரே சமையலறைக்குப் போனேன்.

ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் நிரப்பி, அளக்கும் கம்பியை அதில் விட்டு, டேங்க் பெட்டியை அடுப்பில் வைத்தேன். ஆபீஸ் பெட்டியை ஏசிக்குக் கீழே மேசையில் வைத்தேன். முப்பது, நாற்பது, ஐம்பது வரை சரியாகப் பேசிக்கொண்டார்கள். ஐம்பத்தெட்டில் முதல் சொல் குளறியது. அறுபத்திரண்டுக்கு மேல் ஒரு சொல்கூட வரவில்லை. தாளம் நூற்றுக்கு ஐந்து பிசகிவிட்டது. நான் டம்ளரை எடுத்துக் கழுநீர்த் தொட்டியில் கவிழ்த்தேன். திரையில் "நிறைந்திருக்கிறது" என்று பச்சை எரிந்தது. காலி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நாற்பது நிமிடம் அந்தப் பச்சையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். ரோஸ்லின் வந்து என்ன ஆச்சு என்று கேட்டாள். காலி டம்ளரை அவள் கையில் கொடுத்தேன்.

இன்னொன்றும் உடனே உறைத்தது. ஐம்பத்தெட்டு என்பது பெட்டிக்குள் இருக்கும் சூடு. கறுப்பு மூடிக்குள் அது வெளி வெயிலைவிட இருபது, இருபத்தைந்து டிகிரி அதிகமாக இருக்கும். நவம்பரில் அது பன்னிரண்டு மணிக்கு வந்தது. ஜனவரியில் காலை ஒன்பதுக்கே வந்துவிடும். உன் ஃபிரிட்ஜில் இருக்கும் லிஸ்டை உடனே கிழித்துப் போடு. அந்த நேரம் தப்பு.

உன் நம்பரைத் திறந்துவிட்டேன். ஏழு முறை அடித்தேன், நீ எடுக்கவில்லை. பண்ணை ஆபீஸில் மெஷின்தான் பேசுகிறது. க்ரெய்க்குக்கு மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறேன். இதை விரைவுத் தபாலில் போடுகிறேன். ஸ்டானை ஒன்பதாம் நம்பர் பக்கம் அனுப்பாதே. அனுப்பித்தான் ஆக வேண்டும் என்றால் காரில், இருபது லிட்டரோடு அனுப்பு.

இந்தப் பெட்டிகள் இன்னும் முப்பத்தாறு பண்ணைகளில் இருக்கின்றன. காலையில் முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "வெயில் இறங்கட்டும் நெவில், மார்ச்சில் சத்தமில்லாமல் மாற்றிக்கொள்ளலாம்" என்றார். நல்ல மனிதர்தான். எனக்குத் தேநீர்கூடப் போட்டுக் கொடுத்தார்.

போனை எடு அக்கா.

நெவில்


போர்ட் அகஸ்டா
ஜனவரி 17

நெவில்,

உன் கடிதம் இன்னைக்குத்தான் வந்துச்சு. தபால் டிரைவர் தன் வழியை விட்டு ஆஸ்பத்திரி வரைக்கும் கொண்டுவந்து கொடுத்துட்டுப் போனான். நீ போன்ல அடிச்சப்போ அது வீட்டுச் சமையல்கட்டுல அடிச்சிருக்கும். நான் எட்டாம் தேதியிலிருந்து இங்கதான் இருக்கேன்.

எட்டாம் தேதி செவ்வாய்க்கிழமை. காலையில ஸ்டான் பைக்கை எடுத்துட்டுப் பதினொண்ணாம் நம்பர் வேலிக்குப் போனார், நல்லாத்தான் இருந்தார். பத்தரைக்குத் திரும்பி வந்து, ஒன்பதாம் நம்பர் பக்கம் கம்பி அறுந்திருக்கு, அங்க போறேன்னார். "தண்ணி இன்னும் எடுத்துட்டுப் போங்க"ன்னேன். ஆபீஸ் கதவு வழியா எட்டித் திரையைப் பார்த்தார். தொண்ணூத்தொண்ணு.

"உன் லிஸ்ட் என்ன சொல்லுது, அம்மணி?"ன்னார்.

"பன்னெண்டுக்கு மேல நம்பாதேங்குது."

"மணி பத்தே முக்கால்தான் ஆகுது. உன் லிஸ்டை விட நானே உசத்தி, லிஸ்ட் ஒரு முத்தம் கூடக் கொடுக்காது"ன்னுட்டுப் போனார். ஒரே ஒரு பாட்டில் எடுத்துக்கிட்டார்.

அந்தத் திரை ஒன்பது மணிக்கே உறைஞ்சிருக்கு. நீ சொன்ன மாதிரியேதான். ஒன்பதுக்கு அப்புறம் டேங்க் அடியில இருக்கிற வால்வு பிடுங்கிக்கிட்டு, மாடு முட்டியோ துருப்பிடிச்சோ, அத்தனை தண்ணியும் மணலுக்குள்ள இறங்கிடுச்சு. அவர் போய்ச் சேரும்போது டேங்க் காலி. திரும்பலாம்னா பைக் சங்கிலி அறுந்துடுச்சு. அன்னைக்கு நாப்பத்தாறு டிகிரி.

லிஸ்டை எழுதினது நான்டா. நவம்பர் வெயிலைப் பார்த்து எழுதினேன். ஜனவரிக்கு வேற எழுதணும்னு எனக்குத் தோணல. நீ அடுப்புல செஞ்சதை நான் ஃபிரிட்ஜ்ல செஞ்சிருக்கேன். அதனால உன்னைத் திட்டுறதுக்கு எனக்கு வாய் இல்ல, திட்டிடுவேனோன்னு பயப்படாத.

நாலு மணி அஞ்சு நிமிஷத்துக்கு ஆபீஸ்ல மணி அடிச்சுது. சிவப்புப் பொத்தான். ஓடிப்போய்ப் பாக்குறேன், அந்தத் தொண்ணூத்தொண்ணு என் கண்ணு முன்னாடியே மூணா மாறுது. பச்சை போய்ச் சிவப்பு. ஒரே ஒரு தடவை. அதுக்கப்புறம் ஒண்ணும் வரல.

க்ரெய்க் என்ன சொன்னான் தெரியுமா? "நாள் பூரா தொண்ணூத்தொண்ணு, இப்ப திடீர்னு மூணா? பெட்டி கெட்டுப்போச்சு மார்லீன். மாடு உரசியிருக்கும்." நாள் முழுக்கப் பொய் சொன்னப்போ நம்பினான்டா. ஒரே ஒரு நிஜம் சொன்னதும் கெட்டுப்போச்சுன்னான். நான் அவன் மேசையில இருந்த கார் சாவியை எடுத்துக்கிட்டுக் கிளம்பிட்டேன். கையில மாவு.

ஸ்டான் டேங்க் நிழல்ல சாஞ்சு கிடந்தார். சட்டை இல்ல. பெட்டியைக் கம்பத்துலேருந்து கழட்டி மடியில வெச்சிருந்தார், அதைச் சுத்தி அவர் சட்டை. சட்டை அப்பவும் லேசா ஈரமா இருந்துச்சு. பழைய ஆளுங்க கறி கெடாம இருக்க ஈரச் சாக்கைப் போத்துவாங்களே, காத்து பட்டா உள்ள குளிரும்னு, அதே வேலை. பாட்டில் காலி. அவர் உதடு வெடிச்சு ரத்தம் காய்ஞ்சிருந்துச்சு. குடிக்க வெச்சிருந்த கடைசித் தண்ணியை உன் பெட்டிக்கு ஊத்தியிருக்கார். வலது கட்டைவிரல் நீலம் பாரிச்சு வீங்கியிருந்துச்சு. எத்தனை மணி நேரமா அழுத்திக்கிட்டிருந்தாரோ, ஒண்ணுமே எங்க காதுக்கு வரல. நான் உன் ஒரே அடுப்புக் கதையைச் சொல்லிச் சொல்லி ஆளுங்களைச் சிரிக்க வெச்சேனே, அது அவர் மனசுல இருந்திருக்கு. சூடானா உளறுது, அப்ப குளிர வெச்சாப் பேசும்னு.

டாக்டர் விமானம் வந்து தூக்கிக்கிட்டு வந்தாங்க. உயிர் இருக்கு. சிறுநீரகத்துக்கு மெஷின் போட்டிருக்காங்க. கண்ணைத் திறக்கிறார். பேசவும் செய்யறார், ஆனா வார்த்தை எல்லாம் குளறி வருது, ஒண்ணும் புரியல. சூடு மூளைக்கு ஏறினா அப்படித்தான், சரியாகலாம், ஆகாமயும் போகலாம்னு டாக்டர் சொல்றாங்க. புரியாட்டியும் நான் தலையாட்டிக்கிட்டே உக்காந்திருக்கேன். கடைசியா அவர் சொல்லி எனக்குப் புரிஞ்சது அந்த முத்தத்தைப் பத்தின பேச்சுதான். இப்போதைக்கு அதையே வெச்சுக்கிட்டிருக்கேன்.

முப்பத்தாறு பண்ணைன்னு எழுதியிருக்க. இங்க டிவில வானிலை ஓடிக்கிட்டிருக்கு. படம் பூரா சிவப்பு. மார்ச் வர இன்னும் ஆறு வாரம் இருக்கு நெவில்.

உன் முதலாளி நல்ல மனுஷன்னா இருந்துட்டுப் போகட்டும். நீ என்ன பண்ணப் போற?

மார்லீன்


ஜனவரி 22
பகல் பன்னிரண்டு நாற்பது

அக்கா,

வெள்ளிக்கிழமையே வேலையை விட்டுட்டேன். அதுக்கு முன்னாடி ஆபீஸ்ல இருந்த போன் நம்பர் லிஸ்டை எடுத்துக்கிட்டேன். முப்பத்தாறு பேருக்கும் அடிச்சேன். முப்பத்திரண்டு பேர் எடுத்தாங்க. பாதிப் பேர் உடனே புரிஞ்சுக்கிட்டாங்க. மீதிப் பேர் "இங்க எல்லாம் பச்சையா நல்லாத்தானே இருக்கு, எதுக்குக் கவலைப்படறீங்க?"ன்னாங்க. பச்சையா இருக்கறதுதான் கவலைன்னு ஒவ்வொருத்தர்கிட்டயும் சொல்லிப் புரிய வெச்சேன். தொண்டை கட்டிடுச்சு. கடைசில எல்லாரும் ஆள் அனுப்பறதா ஒத்துக்கிட்டாங்க.

நாலு பேர் போனை எடுக்கவே இல்ல. அந்த நாலு இடத்துக்கும் நேர்ல போகலாம்னு கிளம்பினேன். மூணு முடிஞ்சுது. ரெண்டு இடத்துல லைன் கெட்டிருந்துச்சு, ஒரு இடத்துல தூங்கிக்கிட்டிருந்தாங்க. மூணு இடத்துலயும் பெட்டியைக் கழட்டிட்டேன்.

இது நாலாவது. பேர் கரண்டி டவுன்ஸ். அப்பாவும் மகளும் மட்டும் இருக்கிற சின்னப் பண்ணை. லிஸ்ட்ல டொரீன்னு இருக்கு, அது மகளா இருக்கணும்.

வீட்டுல யாரும் இல்ல. கதவு சாத்தாம இருக்கு. நாய் தண்ணிக் கிண்ணம் காஞ்சு கிடக்கு, நான் ஊத்தினேன், ஒரே மூச்சுல குடிச்சுட்டு என் பின்னாலயே வருது. மேசையில ரெண்டு தட்டு, முட்டை பாதி சாப்பிட்ட மாதிரி இருக்கு. எறும்பு மொய்க்குது. இன்னைக்குக் காலையில சாப்பிட்டதா தெரியல. கொட்டகையில வண்டி இல்ல.

திரை அவங்க சமையல்கட்டுலயேதான் இருக்கு. நாலு போர்வெல், நாலும் பச்சை. மூணாம் நம்பர்ல எண்பத்தெட்டுன்னு நிக்குது. நான் வந்து முக்கால் மணி நேரம் ஆச்சு, அது அசையல. வெளிய நாப்பத்தேழு டிகிரி.

மூணாம் நம்பர் வடக்கே இருபத்திரண்டு கிலோமீட்டர்னு சுவத்துல படம் போட்டு வெச்சிருக்காங்க. வண்டித் தடமும் அந்தப் பக்கம்தான் போகுது. புதுத் தடம் இல்ல, காத்துல ஓரம் உதிர்ந்திருக்கு. போலீசுக்கு அடிக்கலாம்னா இங்க லைன் செத்துக் கிடக்கு. பக்கத்து ஊருக்குப் போய்ச் சொல்லிட்டு வர நாலு மணி நேரம் ஆகும். அவங்களுக்கு அந்த நாலு மணி நேரம் இருக்கான்னு எனக்குத் தெரியல.

நான் போறேன். நாப்பது லிட்டர் தண்ணி இருக்கு, வண்டி டேங்க்ல முக்கால்வாசி பெட்ரோல் இருக்கு. மெதுவாத்தான் ஓட்டுவேன். மண் தளர்வா இருக்கு, பயமாத்தான் இருக்கு. எங்க போறேன், எப்பக் கிளம்பினேன்னு எழுதி வெச்சுட்டுப் போறதுதான் இந்தப் பக்கத்து வழக்கம்னு உனக்கே தெரியும். வேற யாருக்கு எழுதறது, உனக்கே எழுதறேன். உறைமேல உன் விலாசம் எழுதி, முட்டைத் தட்டுக்குப் பக்கத்துல வைக்கிறேன்.

ஸ்டான்கிட்ட சொல்லு. என்ன சொல்லணும்னு எனக்குத் தெரியல, நீயே ஏதாவது நல்லதா சொல்லு.

நாலு மணிக்குள்ள திரும்பிடுவேன். வந்ததும் முதல் வேலையா இந்தத் தாளைக் கிழிச்சுப் போட்டுட்டு, வழியில ஏதாவது ஊர்லேருந்து உனக்குப் போன் பண்றேன். அதனால நீ இதைப் படிக்கவே போறதில்ல.

நெவில்